நிமிர்ந்த மறுநாள்

மதுரைக்கு வந்து சேர்ந்த ஐந்தாம் நாள் காலை, என் கையிலிருந்து ஒரு டீஸ்பூன் நழுவிச் சமையலறைத் தரையில் விழுந்தது. கணவர் வேலைக்குப் போயிருந்தார். மகள் பள்ளிக்கூடத்தில். அம்மா மார்க்கெட்டுக்குக் கிளம்பி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. குனியக் கூடாது, உடம்பை முறுக்கக் கூடாது, இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று டிஸ்சார்ஜ் தாளில் எழுதியிருந்தார்கள். ஸ்பூனின் எடை எந்தக் கணக்கிலும் வராது. அது கிடந்த இடம்தான் சிக்கல். அம்மா திரும்பி வரும்வரை அங்கேயே கிடந்தது. கோணிய முதுகோடு கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று, ஆபீசும் குடித்தனமும் நடத்தியவள், அன்றைக்குத்தான் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே அழுதேன்.

மதுரைக்காரிக்கு முதுகு நிமிர்ந்த கதை புதிதில்லை. கூன்பாண்டியன் எங்கள் ஊர் ராஜா. திருஞானசம்பந்தர் பதிகம் எழுதிய ஏட்டை வைகையில் விடுகிறார். அரசன் ஓங்க வேண்டும் என்று அந்தப் பாட்டில் ஒரு வாழ்த்து வருகிறது. அந்த இடத்திலேயே பாண்டியனின் கூன் நிமிர்ந்துவிடுகிறது. ஏடு வெள்ளத்தை எதிர்த்துப் போய்த் திருவேடகத்தில் நிற்கிறது. கூன்பாண்டியன் நின்றசீர் நெடுமாறனாகி, அறுபத்து மூவரில் ஒருவராகிவிடுகிறார். மறுநாள் காலை அந்த மனுஷன் படுக்கையிலிருந்து எப்படி எழுந்தார், குதிரைமேல் எப்படி ஏறினார், பழைய சட்டைகளை என்ன செய்தார் என்றெல்லாம் சேக்கிழார் சொல்லவில்லை. அவர் மனைவி மங்கையர்க்கரசியாரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

நான் சொல்ல வந்தது அந்த மறுநாளைப் பற்றி. எனக்கு அது ஒன்றரை வருஷம் நீண்டது.

எனக்கு இருந்தது கூன் இல்லை. கூன் முன்பக்கமாக வளைவது. ஸ்கோலியோசிஸ் என்பது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, கூடவே பந்தற்கொடிபோல் தன்னைத்தானே முறுக்கிக்கொள்வது. நம் பேச்சில் இதற்குத் தனிப் பெயர் கிடையாது, ‘முதுகு கோணல்’ என்போம். எக்ஸ்ரேயில் அளந்து 10 டிகிரியும் அதற்கு மேலும் இருந்தால் ஸ்கோலியோசிஸ். 1948-ல் ஜான் காப் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் வகுத்த அளவுதான் இன்றும். பதின்ம வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பேருக்கு இது இருக்கும். பெரும்பாலும் காரணம் தெரியாது. பெரிதாக வளர்வது பெண்பிள்ளைகளுக்குத்தான் அதிகம். ஸ்கூல் பையை ஒரே தோளில் மாட்டியதால் வருவதில்லை. அதைச் சொல்லி என்னைத் திட்டிய பெரியவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை, இருந்திருந்தால் கொஞ்சம் சண்டை போட்டிருப்பேன்.

என் கோணலை முதலில் கண்டுபிடித்தவர் எங்கள் தெரு டெய்லர். “பாப்பாவுக்கு இடது தோள் இறக்கமா இருக்குக்கா” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அதற்கேற்ற மாதிரி ஒரு பக்கம் கூட்டி வெட்டித் தைத்தார். வீட்டில் விளக்கெண்ணெய் போட்டு நீவிவிட்டார்கள். பதினைந்து வயதில் எடுத்த எக்ஸ்ரேயில் 40 டிகிரி. வளர்ச்சி நின்றால் இதுவும் நின்றுவிடும் என்றார்கள், நம்பிவிட்டோம். அது பாதி உண்மை. 30 டிகிரிக்குள் இருப்பது வளர்ச்சி முடிந்ததும் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடுகிறது. 50-ஐத் தாண்டியது நிற்பதில்லை. வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி என்று கந்துவட்டிபோல ஏறிக்கொண்டே போகும். என்னுடையது இரண்டுக்கும் நடுவில் இருந்துகொண்டு இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. சேலை கட்டத் தொடங்கிய பிறகு முந்தானை எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. பெண் பார்க்க வந்தவர்கள் போகும்வரை “நீ சும்மா எந்திரிச்சு எந்திரிச்சு நடக்காத, உக்காந்தே இரு” என்று பெரியம்மா சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

38 வயதில் 61 டிகிரி. வலது விலா எலும்புகள் முதுகில் மேடாகத் தள்ளியிருந்தன. இடது காலுக்கு இறங்கும் வலியால் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நிற்க முடியவில்லை. சென்னையில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தோம்.

முதுகெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் இந்த வேலை நியூயார்க்கில் 1911-ல் ரஸ்ஸல் ஹிப்ஸ் என்பவர் கையில் தொடங்கியது. அவர் முதலில் செய்தது காசநோய் அரித்த முதுகுகளுக்கு. அன்றைக்குக் கம்பி கிடையாது. எலும்பு கூடும்வரை மாதக்கணக்கில் மாவுக்கட்டோடு படுத்தே கிடக்க வேண்டும். போலியோவால் முதுகு கோணிய பிள்ளைகளுக்காக ஹூஸ்டனில் பால் ஹாரிங்டன் உலோகக் கம்பி வைக்கும் முறையைக் கொண்டுவந்தார், 1962-ல் அதைப் பற்றி எழுதினார். கம்பியால் நிமிர்த்தும்போது தண்டுவடம் இழுபட்டுக் கால்கள் செயலிழந்துவிடும் ஆபத்து உண்டு. அதனால் 1970-களில், ஆபரேஷன் நடுவிலேயே மயக்கத்தைக் குறைத்து நோயாளியை எழுப்பி, “காலை ஆட்டுங்கள்” என்று சொல்லிப் பார்க்கும் வழக்கம் வந்தது. முதுகு திறந்து கிடக்கும்போது! இப்போது மின்முனைகளைப் பொருத்தி, நரம்பில் செய்தி ஓடுகிறதா என்று நிமிஷத்துக்கு நிமிஷம் கருவியில் பார்த்துக்கொள்கிறார்கள். இதைக் கேட்ட பிறகுதான் நான் கையெழுத்துப் போட்டேன்.

ஏழு மணி நேரம். தோள்பட்டைக்குக் கீழிருந்து இடுப்புக்கு மேல் வரை 12 முள்ளெலும்புகள், 20 ஸ்க்ரூ, இரண்டு கம்பி. 61 இப்போது 24. முழுக்க நேராகவில்லை, ஆகவும் ஆகாது. பதின்மூன்று வயதில் முதுகு பச்சை மூங்கில், முப்பத்தெட்டில் காய்ந்த மூங்கில். வளைக்கிறேன் என்று வம்பு பண்ணினால் வேறு எங்காவது விடும்.

சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்கச் சிரமப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. “கம்பிதான் வச்சாச்சே, பெறகென்ன?” என்பார்கள். கம்பி வெறும் சென்ட்ரிங். வீட்டுக்குத் தளம் போட்டால் பலகையும் முட்டுக்கம்பும் எத்தனை நாள் நிற்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். தளத்தைத் தாங்கப் போவது கான்கிரீட், பலகை அல்ல. முதுகில் அந்த கான்கிரீட், எலும்புத் தூளைப் பரப்பி வளரவிடும் புது எலும்பு. அது இறுகி ஒரே எலும்பாக ஆறு மாதம் முதல் ஒரு வருஷம், பெரியவர்களுக்குச் சில சமயம் அதற்கும் மேலே ஆகும். எலும்பு கூடாமல் போனால், வளைந்து வளைந்து களைத்த கம்பி என்றாவது ஒருநாள் ஒடியும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களை ஆபரேஷனுக்கு முன்பே நிறுத்தச் சொல்வதும் இதனால்தான். நிகோடின் எலும்பைக் கூடவிடாது.

கண் விழித்ததும் கேட்ட முதல் குரல், “அக்கா, கால் கட்டைவிரலை ஆட்டுங்க.” ஆடியது. ஏழு மணி நேரம் குப்புறக் கிடந்ததால் முகம் பூரியாக உப்பியிருந்தது. கண்ணாடி கேட்டேன், தரவில்லை, நல்ல பிள்ளைகள்.

மறுநாள் புரண்டு படுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும், நடுவில் திருகக் கூடாது. நர்ஸ்கள் ‘லாக் ரோல்’ என்றார்கள். எனக்குப் பிடிபடவில்லை. ஆயா ஒருவர் சொன்னார்: “கோயில்ல அங்கப்பிரதட்சணம் பண்ணுவீங்கல்லம்மா, அந்த மாதிரி.” அவ்வளவுதான், உடனே வந்துவிட்டது. இரண்டாம் நாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் வாக்கரைப் பிடித்து எட்டு அடி. அதே வார்டில் அதே ஆபரேஷன் முடிந்த ஒரு பதினான்கு வயதுப் பெண் மூன்றாம் நாளே காரிடாரின் கடைசி வரை போய் வந்தாள். போகும்போது என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. எழுந்து நின்றபோது மூன்று சென்டிமீட்டர் வளர்ந்திருந்தேன். தரை கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. தலை சுற்றியது.

ஆபரேஷனை விளக்கிச் சொன்ன யாரும் சொல்லாத ஒன்று, வலி மருந்து கொடுக்கும் மலச்சிக்கல். ஓபியாய்டு வகை மருந்துகள் குடலைத் தூங்கப் போட்டுவிடும். ஆறு நாள் ஆனது எனக்கு. முதுகு வலியைவிட இதற்குத்தான் கடவுளைக் கூப்பிட்டேன். இந்த ஆபரேஷனுக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் மலமிளக்கி மருந்தை முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்குங்கள், வெட்கப்படாதீர்கள். கழிப்பறையில் இன்னொரு கஷ்டம், கால் கழுவுவது. அதற்கு உடம்பைத் திருக வேண்டும் என்பது அதுவரை தெரியவே தெரியாது. வெஸ்டர்ன் டாய்லெட்டும், சுவரில் மாட்டும் பைப் ஸ்பிரேயும் இல்லாத வீட்டுக்கு முதல் மூன்று மாதம் போகவே முடியாது. எங்கள் வீட்டில் இந்தியன்தான் இருந்தது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் கணவர் கொத்தனாரைக் கூப்பிட்டு அதை உடைத்து மாற்றிவிட்டார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் எனக்குக் கொடுத்த பெரிய பரிசு அது என்றால் கோபித்துக்கொள்கிறார்.

மூன்று வாரம் சித்தி வீட்டில் தங்கிவிட்டு, பாண்டியன் எக்ஸ்பிரஸில் லோயர் பெர்த்தில் ஊர் திரும்பினேன். திண்டுக்கல் வரை தூக்கமில்லை. ஒவ்வொரு தண்டவாள இணைப்பும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

டிஸ்சார்ஜ் தாளில் இருந்த அறிவுரைகளை யார் எழுதியிருந்தாலும், அவர் நாற்காலி, மேசை, கட்டில் என்று வாழ்கிற ஒருவரை மனதில் வைத்து எழுதியிருக்க வேண்டும். நம்முடைய நாள் தரையில் நடக்கிறது. வாளி தரையில். அரிவாள்மனை தரையில். கேஸ் சிலிண்டரின் வால்வு, அரிசி டிரம், செருப்பு, வாசலில் விழும் பேப்பர், சாமி விளக்கு எல்லாமே தரையில்தான். விருந்தாளி வந்தால் பாயை விரிப்போம். பெரியவர்களைப் பார்த்தால் காலைத் தொடுவோம். குனியாமல் ஒரு தமிழ்க் குடும்பத்தில் அரை மணி நேரம் இருக்க முடியாது. குனியக் குனியக் குட்டுவார்கள் என்பார்கள், குனியாமல் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

அதனால் அம்மாவும் மகளும் வீட்டைத் தூக்கி இடுப்பு உயரத்துக்கு வைத்தார்கள். அரிசி மேடைக்கு ஏறியது. குளியலறையில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு அதன்மேல் வாளி. சாமி படங்கள் அலமாரிக்கு வந்தன. தரையில் விழுந்ததை எடுக்க, தம்பி ஒரு இடுக்கிக் கம்பு வாங்கி அனுப்பினான். அது வருவதற்குள் நான் நம் ஊர்ப் பழைய வித்தைக்குப் போயிருந்தேன்: கால் விரலால் கவ்வி, முழங்காலை மடக்கிப் பின்பக்கமாகத் தூக்கிக் கையில் வாங்குவது. டாக்டரிடம் பெருமையாகச் சொன்னேன். “ஒத்தக் கால்ல நின்னு விழுந்தீங்கன்னா?” என்றார். அன்றோடு நிறுத்தினேன்.

என் கால்களை நான் மூன்று மாதம் தொடவில்லை. ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மெட்டியைக் கழற்றி அம்மா பர்சில் வைத்தார். திரும்பப் போட்டுக்கொள்ள எனக்குக் கை எட்டவில்லை. மற்றவர்கள் போட்டுவிட்டால் வேண்டாம் என்று ஏதோ ஒரு வீம்பு. வெறும் விரலைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு ஆச்சி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் கணவர் சௌக்கியமா என்று அம்மாவிடம் இரண்டு தடவை விசாரித்தார்.

இரண்டாம் மாதம்தான் மோசம். விசாரிக்க வந்தவர்கள் வந்து போய்விட்டார்கள். வலி மருந்தை மெல்லக் குறைத்தார்கள், அந்தக் குறைப்பே வியர்வையும் எரிச்சலுமாக உடம்பைப் படுத்தியது. இராத்திரியில் வலது தோள்பட்டைக்குக் கீழே அரிக்கும். சொறிந்தால் சொறிவது தெரியாது, ஏனென்றால் தையல் ஓரத்தில் தோல் மரத்துக் கிடந்தது. உள்ளங்கை அகலத்துக்கு அந்த இடம் இன்றும் அப்படியேதான் இருக்கிறது. எதற்காக இதைச் செய்துகொண்டேன் என்று தினமும் கேட்டுக்கொண்டேன். நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவள்தானே என்று மற்றவர்களும் கேட்டார்கள், எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு. பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு மனம் சோர்ந்து போவது பலருக்கு நடக்கிறது என்பதை முன்னாலேயே ஒருவர் சொல்லியிருந்தால், இது என்னுடைய குறை என்று நினைத்திருக்க மாட்டேன்.

மருந்து என்று ஒன்று இருந்தால் அது நடைதான். பிசியோதெரபிஸ்ட் எனக்கு முதல் மாதங்களில் கொடுத்த பயிற்சியில் முக்கால்வாசி நடைதான். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் எங்கள் வீட்டுக்குப் பக்கம். நாலு கரையையும் சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். முதல் நாள் கீழ்க்கரையில் பாதி போய், சுண்டல் வண்டிக்காரர் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்து நாளில் ஒரு கரை. ஆடி முடிவதற்குள் இரண்டு கரை. மூன்றாம் மாதம் ஒரு முழுச் சுற்று. சுண்டல்காரர் எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கு மட்டும் பொட்டலத்தில் மாங்காய் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

மூன்றரை மாதத்தில் ஆபீஸ், முதலில் அரைநாள். கணக்கு எழுதும் வேலை, உட்கார்ந்தே செய்வது. அதுதான் கஷ்டம் என்று யாருக்கும் புரியவில்லை. நிற்பது, நடப்பது, படுப்பது எல்லாவற்றையும்விட உட்காருவதுதான் என் முதுகுக்குச் சுமை. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்தேன். அது சலுகையாகத் தெரிந்தது சிலருக்கு. வெளியே ஒரு கட்டும் இல்லை, சேலைக்குள் தழும்பு. முன்பு கோணலை மறைத்த அதே முந்தானை இப்போது ஆபரேஷனையும் மறைத்துவிட்டது. “ஆள் முன்னவிட நல்லாத்தானே இருக்க” என்பார்கள். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் நான் கழுத்தை மட்டும் திருப்பாமல் முழு உடம்போடு திரும்புவேன். முறைக்கிறேன் என்று ஒரு புதுப் பையன் பயந்துகொண்டிருந்தான்.

ஸ்கூட்டிக்கு ஆறு மாதம் தடை. ஷேர் ஆட்டோவில் பின்சீட் கூடாது. டவுன் பஸ்ஸில் நடுப்பகுதியில் நின்றுகொண்டு போனால் குலுக்கல் குறைவு, கடைசி சீட்டில் உட்கார்ந்தால் ஸ்பீடு பிரேக்கர் நேராகக் கம்பியில் வந்து அடிக்கும். மதுரையில் எந்தத் தெருவில் எத்தனை ஸ்பீடு பிரேக்கர் என்று கேளுங்கள், மாநகராட்சியைவிடச் சரியாகச் சொல்வேன்.

என் மகளுக்குப் பதிமூன்று வயது. ஸ்கோலியோசிஸ் குடும்பத்தில் ஓடக்கூடியது. ஆபரேஷனுக்கு முன்பே டாக்டர், “பொண்ணைக் குனியச் சொல்லிப் பாத்தீங்களா?” என்று கேட்டிருந்தார். கால்களைச் சேர்த்து, கைகளைத் தொங்கவிட்டு முன்னால் குனியச் சொல்ல வேண்டும். பின்னால் நின்று பார்த்தால் முதுகின் இரண்டு பக்கமும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ் 1865-ல் எழுதிவைத்த சோதனை இது. ஒரு பைசா செலவில்லை. வளரும் வயதில் கண்டுபிடித்துவிட்டால் பிரேஸ் என்ற இறுக்கமான கவசம் போட்டே பல பிள்ளைகளை ஆபரேஷனிலிருந்து தப்பவைக்கலாம். 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு வளைவு 50 டிகிரியைத் தொடாமல் நின்றது. போடாதவர்களில் 48 சதவீதம். ஒரு நாளில் எத்தனை அதிக நேரம் போட்டார்களோ அவ்வளவு பலன். எனக்குப் பதினைந்து வயதில் இதை யாரும் சொல்லவில்லை. மகளைக் குனியச் சொல்லிவிட்டு நான் பின்னால் நின்றேன். அவள் உள்ளங்கையைத் தரையில் பதித்து, “போதுமாம்மா?” என்று தலைகீழாகக் கேட்டாள். மட்டமாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இரு என்றேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவளைக் குனியவைக்கிறேன்.

ஒரு வருஷ எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருந்தது. எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. வயது ஏற ஏற எலும்பு மெலிந்திருக்கும், கம்பி இடுப்பெலும்பு வரை போக நேரும், மறுபடி ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களும் உண்டு. எனக்குக் கீழ் முதுகில் சில இணைப்புகள் மிச்சம் இருந்தது அதிர்ஷ்டம். “இனி தரையில உக்காரலாம். இடுப்புலயும் முழங்கால்லயும் மடங்குங்க, முதுகுல மடங்க வழியில்ல” என்றார் டாக்டர்.

வழியில்லாததைப் பழகிக்கொள்ள இன்னும் ஆறு மாதம். குனிவதற்குப் பதிலாக இப்போது கிணற்றுக்குள் இறங்குவதுபோல நேராக இறங்குகிறேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து காய் நறுக்க முடிகிறது. பந்தியில் சம்மணம் போட்டு உட்கார முடிகிறது, ஆனால் இலைக்கும் வாய்க்கும் நடுவே தூரம் அதிகம். ரசம் மடியில் சொட்டும். மார்கழியில் கோலம் போட்டேன். முன்பு நின்றபடி குனிந்து, பின்னால் நகர்ந்து நகர்ந்து பதினைந்து புள்ளி வைப்பேன். இப்போது உட்கார்ந்து ஏழு புள்ளி, எழுந்து தள்ளி உட்கார்ந்து இன்னொரு ஏழு. இரண்டும் ஒன்றோடொன்று சேராது. மெட்டியை நானே போட்டுக்கொண்டேன். விரல் கொஞ்சம் பருத்திருந்தது. ஆச்சிக்கு நிம்மதி.

போன மாதம் மீனாட்சி கோயிலுக்குப் போனோம். வாசலில் மெட்டல் டிடெக்டர் கீச்சிட்டது. முதுகில் 20 ஸ்க்ரூ இருப்பதைச் சொல்லத் தயாராக வாயைத் திறந்தேன். சோதனை செய்த பெண் போலீஸ் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது எல்லோருக்கும்தான் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. கொடிமரத்துக்கு முன்னால் மண்டியிட்டு நமஸ்காரம் பண்ணினேன். எழுந்திருக்க மகள் கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன்.

சுவாமி சன்னதிப் பிரகாரத்தில் அறுபத்து மூவரையும் எண்ணிக்கொண்டே போய் நெடுமாறரைத் தேடினேன். இத்தனை வருஷம் அந்த வரிசையைக் கடந்து போயிருக்கிறேன், ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. கைகூப்பி விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். தோள் இரண்டும் ஒரே மட்டமா என்று டெய்லர் மாதிரித் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கில் சரியாகத் தெரியவில்லை. முதுகைப் பார்க்கலாம் என்றால் சுவரோடு ஒட்டி நிற்கிறார், இடமில்லை.